ஒரு கையால் மடக்கலாமாம்: மலிவு ஸ்ட்ரோலருடன் பதினான்கு மாதங்கள்

பெட்டியின் மேல் ஒரு பெண்ணின் படம். இடது இடுப்பில் குழந்தை, வலது கையில் மடித்த ஸ்ட்ரோலர் (குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி), முகத்தில் வியர்வையே இல்லாத சிரிப்பு. கீழே 'ஒரு கையால் மடக்கலாம்' என்று கொட்டை எழுத்து. தியாகராய நகரில் குழந்தைப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் 2,850 ரூபாய் கொடுத்து இதை வாங்கியதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன் நான். அச்சில் வந்ததை எல்லாம் ஒருமுறை சந்தேகிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்குப் பார்த்து அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

வீட்டில் நானும் மகளும் மட்டும். மந்தைவெளியில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. அம்மா மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை போய் வராவிட்டால் அம்மாவுக்கும் பேத்திக்கும் சரிப்படாது. வாடகைக் கார் பேச்சுக்கே இடமில்லை. ஆட்டோகூட மழை பெய்தால்தான். அதனால் இந்த ஸ்ட்ரோலர் சொகுசுக்காக வாங்கியதன்று. இரண்டு கைகள் மட்டும் உள்ள ஒருவனுக்கு மூன்றாவது கை ஒன்று கிடைக்குமா என்ற நப்பாசையில் வாங்கியது. (தள்ளுவண்டி என்று தமிழில் எழுதத்தான் ஆசை. ஆனால் மெரினாவில் சுண்டல் விற்பவரின் வண்டிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது.)

முதலில் அந்த மடக்கும் சங்கதி. பின்னால் அச்சுத்தண்டுக்கு மேலே ஒரு கறுப்பு மிதி இருக்கிறது. அதை இடது காலால் அழுத்த வேண்டும். அழுத்தியபடியே, இருக்கைக்கு அடியில் இருக்கும் சிவப்பு நாடாவை வலது கையால் மேல்நோக்கி இழுக்க வேண்டும். இழுத்தபடியே, கைப்பிடியை இடது கையால் முன்பக்கம் தள்ள வேண்டும். தள்ளினால் குடை மாதிரிச் சுருங்கும். ஆனால் பக்கவாட்டுக் கொக்கி தானாக மாட்டாது, அதைக் குனிந்து மாட்ட வேண்டும். ஆக, இரண்டு கைகள், ஒரு கால், ஒரு குனிவு. இவ்வளவும் நடக்கும்போது குழந்தை எங்கே நிற்கும்? கோட்டை நிலையத்தின் நடைமேடையில், தாம்பரம் ரயில் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும்போது, நான்கு வயதுக் குழந்தை எங்கே நிற்கும்? என் முழங்கால்கள் இரண்டுக்கும் நடுவில். அவளை முழங்கால்களால் கிடுக்கி போட்டுக்கொண்டு ஒற்றைக் காலால் மிதியை அழுத்தும் வித்தையை நான் பழகியது மூன்றாவது பயணத்தில்தான். பெட்டியில் சிரித்த அம்மையாருக்கு இந்த வித்தை தெரியுமா என்று கேட்க வேண்டும்.

எடை 6.2 கிலோ. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், பெட்டியில் 5.5 என்று போட்டிருக்கிறது. வாங்கும்போது மகள் பதினொன்றரைக் கிலோ, இப்போது பதினான்கு. தூண்கள்மேல் ஓடும் பறக்கும் ரயிலின் நிலையங்கள் பெயருக்கேற்ப உயரத்தில் இருப்பவை. படிக்கட்டில் அவளை ஒரு தோளிலும் இதை மறு தோளிலும் போட்டுக்கொண்டு, முதுகில் பையோடு ஏறினால் இருபது கிலோவைத் தாண்டிவிடும். அதற்காக அந்த ரயிலை விடவும் முடியாது. மந்தைவெளியில் ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்து ஏறி, கோட்டையில் இறங்கிப் புறநகர் ரயில் மாறினால் எழும்பூர். மகளுக்கு டிக்கெட் இல்லை. இதைவிட மலிவாக எழும்பூர் போக நடந்துதான் போக வேண்டும்.

பஸ்ஸில் ஊருக்குப் போகக் கூடாதா என்று கேட்பார்கள். அரசுப் பேருந்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2022 முதல் டிக்கெட் கிடையாது. அந்த வகையில் நல்லதுதான். ஆனால் 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு, தெற்கே போகும் பேருந்துகளுக்கு முதலில் வண்டலூரைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். மந்தைவெளியிலிருந்து அதுவே ஒரு பயணம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, மகளுக்கும் இல்லை, எனக்கு மட்டும் உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மூன்று உயரப் படிகள் உள்ள பழைய பேருந்தில் ஸ்ட்ரோலரோடு ஏறுவது என்பது பின்னால் நிற்கும் பத்துப் பேரின் சாபத்தை வாங்கிக்கொண்டு ஏறுவது. 2024 ஆகஸ்டில் விடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்து வந்தால் கதையே வேறு. படி இல்லை, நடைபாதைப் பக்கம் சற்றே சாய்ந்துகொடுக்கும், மடக்காமலே ஏறிவிடலாம். அது வரும்வரை காத்திருக்கப் பொறுமைதான் வேண்டும்.

மெட்ரோதான் இந்த வண்டிக்கென்றே கட்டியது போல இருக்கிறது. தெருமட்டத்திலிருந்து மின்தூக்கி, அகலமான கதவு, நடைமேடைக்கும் ரயிலுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி. இந்தப் பதினான்கு மாதங்களில் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்காமல் ஏறி இறங்கிய ஒரே வாகனம் அதுதான். ஆனால் அங்கே இன்னொரு கணக்கு. ரயிலும் பேருந்தும் குழந்தையின் வயதைக் கேட்கின்றன. மெட்ரோ உயரத்தைக் கேட்கிறது. 90 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால்தான் இலவசம். என் மகள் 98. ஒரே நாளில், ஒரே ஊரில், எழும்பூரில் படி இறங்கியதும் அவள் குழந்தையாக இருப்பதை நிறுத்திவிடுகிறாள். இதை அவளிடம் சொன்னபோது மிகவும் பெருமைப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ பாதிக் கட்டணம் என்பதால், அவளுக்கு 'பெரியவள் டிக்கெட்' எடுத்துத் தருவதை மாதம் ஒருமுறை திருவிழாவாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சக்கரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னால் இரண்டு ஜோடி, பின்னால் இரண்டு ஜோடி, எல்லாம் பிளாஸ்டிக், உள்ளங்கையில் அடங்கும் அளவு. கடையின் பளிங்குத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. நம் நடைபாதையில் மின்சாரப் பெட்டி வரும், மரத்தின் வேர் வரும், இரு சக்கர வாகனம் ஏறாமலிருக்க நட்ட இரும்புக் குழாய்கள் வரும். அந்தக் குழாய்களுக்கு நடுவே இந்த வண்டி நுழையாது. சாலையில் இறங்கித்தான் ஏற வேண்டும். கடற்கரை மணலில் நான்கடி போகும், பிறகு புதையும். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-இல் போட்ட மரப்பாதையில் தள்ளிக்கொண்டு போகலாமே என்றார் ஒருவர். சக்கர நாற்காலியில் வருகிறவர் அலையைப் பார்க்கப் போட்ட பாதையில், கால் இருக்கும் குழந்தையை வைத்து அடைத்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை. கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கினால் வண்டியை மடித்துத் தோளில் போட்டுவிடுவேன்; மகள் நடப்பாள்.

ஐந்தாவது மாதம் இடுப்புப் பட்டையின் பூட்டு உடைந்தது. கடைக்குப் போனேன். அந்தப் பாகம் தனியாக வராது, புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பத்து சதவீதம் குறைத்துத் தருகிறோம் என்றார்கள். எண்பது கிராம் பிளாஸ்டிக்குக்காக ஆறு கிலோ வண்டியைத் தூக்கிப்போடச் சொல்லும் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பை தைக்கிற பெரியவர் ஒருவர், பழைய பள்ளிப் பையிலிருந்து பூட்டைக் கழற்றித் தைத்துக் கொடுத்தார். அறுபது ரூபாய். ஒன்பது மாதங்களாக அது கழலவில்லை. உண்மையைச் சொன்னால், இந்த வண்டியிலேயே உறுதியான பாகம் அதுதான்.

இருக்கைத் துணி கழற்றித் துவைக்க வராது. முறுக்குத் தூள் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பால் சிந்தினால் மூன்று நாள் வாடை. பழைய பல் துலக்கியும் சோப்புத் தண்ணீருமாக ஞாயிறு காலை உட்கார வேண்டும். கூரைத் துணி வெயிலைக் கொஞ்சம் மறைக்கும், மழையைத் துளியும் மறைக்காது.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், ஒரு காரியத்துக்காக. அதைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. தனியாகக் குழந்தையோடு போகிறவருக்குப் பசி, தூக்கம், பணம் எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை ஒன்று உண்டு: நாம் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் குழந்தையை யாரிடம் விடுவது? இருவராக வருகிறவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. எனக்குப் பயணத்திட்டமே இதைச் சுற்றித்தான். காலையில் காபி குடிக்கலாமா வேண்டாமா என்பதுகூட. பெண் குழந்தையை ஆண்கள் கழிப்பறைக்குள் கூட்டிப்போக எனக்குக் கூசும். பெண்கள் பக்கம் நான் போக முடியாது. ரயில் நிலையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான அகலக் கழிப்பறை காலியாக இருந்து, காவலரும் தலையசைத்தால், ஸ்ட்ரோலரோடு உள்ளே போய்விடலாம். அவளைப் பட்டையில் பூட்டி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, 'அப்பா பாட்டு முடிக்கும்வரை திரும்பக் கூடாது' என்று சொல்லிப் பாடிக்கொண்டே வேலையை முடிக்கலாம். அந்த இரண்டு நிமிட நிம்மதிக்கு 2,850 ரூபாய் கொடுக்கலாம். தரையில் கால் வைக்கவில்லை, எதையும் தொடவில்லை, ஓடிப்போகவில்லை.

ரயிலுக்குள் இது நடக்காது. கழிப்பறைக் கதவுக்குள் வண்டி நுழையாது. அங்கே மனிதர்கள்தான். பகல் ரயிலில் இரண்டாம் வகுப்பு இருக்கையில் போகிறோம். ஐந்து வயது ஆகாததால் அவளுக்கு டிக்கெட் இல்லை, அதனால் இருக்கையும் இல்லை. மடியில்தான். செங்கல்பட்டு வருவதற்குள் எதிர் வரிசையில் யாராவது ஓர் அக்கா, 'அம்மா வரவில்லையா பாப்பா?' என்று கேட்டுவிடுவார். 'அப்பா வந்திருக்கிறார்' என்பாள் மகள். இது நான் சொல்லிக்கொடுத்த பதில் அன்று. அதற்குப் பிறகு அந்த அக்கா மேலே கேட்பதில்லை. ஆரஞ்சுச் சுளையை உரித்து நீட்டுவார். விழுப்புரம் தாண்டி நான் எழுந்தால், 'போய்விட்டு வாருங்கள் தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அவரே சொல்லிவிடுவார். மடித்த ஸ்ட்ரோலர் இருக்கைக்கு அடியில் குறுக்காகப் படுத்திருக்கும். நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல்; பக்கத்து இருக்கைக்காரரின் செருப்பைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

ஐந்து வயது முடிந்தால் கணக்கு மாறும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2016 ஏப்ரலுக்குப் பிறகு, ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு ஆகாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. ஆனால் அந்தப் பாதிக் கட்டண வசதி தூங்கும் வசதிப் பெட்டிகளில்தான். உட்கார்ந்து போகும் முன்பதிவு இருக்கையில் இல்லை. அங்கே முழு டிக்கெட், முழு இருக்கை. எங்களுக்கு அது தை மாதம் தொடங்குகிறது. செலவு கூடுகிறதே என்று நான் முணுமுணுத்தால், எனக்கு ஜன்னல் இருக்கை என்கிறாள் அவள்.

வாங்கலாமா? குழந்தைக்கு ஒன்றரை வயது, வீட்டுக்குப் பக்கத்தில் மெட்ரோ, படி ஏறும் வேலை இல்லை என்றால் வாங்கலாம். புதிதாக வேண்டாம், பாதி விலைக்கு யாராவது விற்பார்கள், வண்டி அப்படியே புதிதாக இருக்கும், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் நான்கு தடவைக்கு மேல் எடுப்பதில்லை. வாங்குமுன் கடையிலேயே ஒரு கையால் மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் இரண்டாவது கையை எப்போது கொண்டுவருகிறார் என்று பாருங்கள். மூன்று வயது தாண்டிவிட்டது, படிக்கட்டுதான் கதி என்றால் காசைக் கரியாக்காதீர்கள். 'பழைய வேட்டியைத் தூளி மாதிரித் தோளில் கட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்ளடா' என்று அம்மா சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது பையில் ஒரு வேட்டி எப்போதும் இருக்கிறது.

பெட்டியில் பதினைந்து கிலோ வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. மகள் அந்த எல்லையை நெருங்கிவிட்டாள். ஏறி உட்காரவும் அவளுக்கு இப்போது விருப்பமில்லை, தள்ளத்தான் பிடிக்கிறது. போன மாதம் ஊரிலிருந்து திரும்பும்போது அம்மா கொடுத்தனுப்பிய பரங்கிக்காயை இருக்கையில் வைத்து, அந்த அறுபது ரூபாய்ப் பூட்டைப் போட்டு, வெயிலுக்குக் கூரையையும் இழுத்துவிட்டேன். மகள் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் இரண்டு கைகளும் காலியாக இருந்தன. கோட்டை நிலையத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, தம்பிப் பாப்பா தூங்குகிறானா என்று கேட்டுக்கொண்டே கூரைத் துணியை மெல்ல விலக்கிப் பார்த்தார்.