எம்சிபி9808 வெப்பநிலை சென்சார் போர்டு: சிப்பின் துல்லியமும் அதை வைக்கும் இடமும்

பொழுதுபோக்காக மின்னணுச் சாதனங்கள் செய்பவர்கள் வெப்பநிலையை அளக்க முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் டிஎச்டி11 அல்லது எல்எம்35 சென்சார். முன்னதில் 2 டிகிரி வரை பிழை இருக்கலாம். பின்னது டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் வீதம் அனலாக் மின்னழுத்தம் தருவதால், அதைப் படிக்கும் மைக்ரோகன்ட்ரோலர் (நிரலை இயக்கும் சிறு கணினிச் சிப்) ஒப்பிட்டு அளக்கும் மின்னழுத்தம் ஆடினால் அளவும் கூடவே ஆடும். அறையின் நிலவரத்தைப் பார்க்க இவை போதும். ஆனால் முட்டை அடைகாக்கும் பெட்டி போல அரை டிகிரிகூடப் பொருட்படுத்த வேண்டிய வேலைகளுக்கு, மைக்ரோசிப் நிறுவனத்தின் எம்சிபி9808 சிப்பைத் தாங்கிய சிறிய போர்டையே நான் பரிந்துரைப்பேன். பல தயாரிப்பாளர்கள் இதைச் செய்கிறார்கள். சிப் ஒன்றே என்பதால் இங்கே சொல்வது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

தரவுத்தாளின்படி இந்தச் சிப்பின் பிழை பொதுவாக 0.25 டிகிரி செல்சியஸ். மைனஸ் 20 முதல் 100 டிகிரி வரையுள்ள பரப்பில் அது 0.5 டிகிரியைத் தாண்டாது என்று உத்தரவாதம் தரப்படுகிறது. அளவுகள் 0.0625 டிகிரி படிகளில் வருகின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. திரையில் 25.0625 என்று தெரிவதால் நான்காம் தசம இடம்வரை உண்மை என்று பொருளல்ல. அந்த நுண்ணிய படி, வெப்பநிலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை முன்கூட்டியே காட்டுவதற்குத்தான் உதவுகிறது. அதில் அது மிகச் சிறப்பாகவே உதவுகிறது.

இணைப்பதில் சிரமம் எதுவும் இல்லை. 2.7 முதல் 5.5 வோல்ட் வரை ஏற்றுக்கொள்வதால் 5 வோல்ட் அர்டுயினோவுடனும் 3.3 வோல்ட் ராஸ்பெர்ரி பையுடனும் இடையில் வேறு சுற்று எதுவும் இல்லாமல் சேர்ந்துகொள்கிறது. மின்சாரத்துக்கு இரண்டு, சிப்புகள் தரவு பரிமாறும் ஐ2சி தடத்துக்கு இரண்டு என நான்கு கம்பிகள் போதும். ஏ0, ஏ1, ஏ2 என்ற மூன்று முனைகளைக் கொண்டு முகவரியை, பதின்ம எண்ணில் சொன்னால், 24 முதல் 31 வரை மாற்றிக்கொள்ளலாம். எனவே ஒரே தடத்தில் எட்டு போர்டுகளை வைக்கலாம்.

எட்டையும் ஒன்றாக வைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இத்தகைய போர்டுகளில் வழக்கமாக ஒவ்வொரு ஐ2சி தரவுக் கம்பிக்கும், அதன் மின்னழுத்தத்தை மேலே இழுத்து நிறுத்தும் 10 கிலோ ஓம் புல்-அப் மின்தடை பொருத்தப்பட்டிருக்கும். எட்டு போர்டுகள் பக்க இணைப்பில் சேரும்போது அது 1.25 கிலோ ஓமாகக் குறைந்துவிடுகிறது. 3.3 வோல்ட்டில் தரவு அனுப்ப அந்தக் கம்பியைக் கீழே இழுக்க 3 மில்லிஆம்பியருக்கும் குறைவாகவே தேவைப்படும் என்பதால் கவலையில்லை. 5 வோல்ட்டிலோ அது ஐ2சி விதிமுறை சாதாரண வேகங்களுக்கு எதிர்பார்க்கும் 3 மில்லிஆம்பியரைத் தாண்டிவிடும். அப்போது சில போர்டுகளின் புல்-அப் மின்தடைகளைச் சூடாக்கி எடுத்துவிடுவதே சரியான வழி.

சொந்தமாக நிரல் எழுதுபவர்களைத் தடுமாற வைக்கும் இடம் வேறு. வெப்பநிலை 5ஆம் ரெஜிஸ்டரில் (சிப்பின் உள் நினைவிடத்தில்) இரண்டு பைட்டாக இருக்கிறது. ஆனால் அதன் மேல் மூன்று பிட்கள் வெப்பநிலையைச் சேர்ந்தவை அல்ல. நாம் வைத்த வரம்புகளை அளவு தாண்டிவிட்டதா என்று காட்டும் கொடிகள் அவை. மின்சாரம் கொடுத்தவுடன் எல்லா வரம்புகளும் 0 டிகிரியில் இருப்பதால், சாதாரண அறையில் அவற்றில் இரண்டு கொடிகள் உடனே உயர்ந்து நிற்கும். அறை 25.25 டிகிரியில் இருக்கும்போது ரெஜிஸ்டரில் 404 என்பதற்குப் பதில் 49556 இருக்கும். அதை அப்படியே 16ஆல் வகுத்தால் 3097.25 என்று விடை வரும். இதைக் கண்டு போர்டு பழுது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. மேல் மூன்று பிட்களை நீக்கிவிட்டு, அடுத்த பிட்டைக் குறியாக எடுத்துக்கொண்டால் எண் சரியாக வந்துவிடும். ஆயத்த நிரல் லைப்ரரிகள் இதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன.

இந்தப் போர்டைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இனிமேல்தான் வருகிறது. வாங்கியவர்கள் பலர் ‘ஓரிரு டிகிரி அதிகமாகக் காட்டுகிறது’ என்று குறைப்படுவதைப் பார்க்கிறேன். பெரும்பாலும் சிப் பொய் சொல்வதில்லை. அது உண்மையிலேயே அந்த வெப்பநிலையில்தான் இருக்கிறது. இத்தகைய சிறிய சிப்புக்கு வெப்பம் பெரும்பகுதியும் அதன் கால்கள் வழியே, போர்டின் செப்புத் தடங்களிலிருந்து வருகிறது. சுற்றியுள்ள காற்றின் பங்கு சிறிதுதான். ஆகவே அது அளப்பது போர்டின் வெப்பநிலையை. போர்டோ ஹெடர் பின்கள் எனும் உலோகக் குச்சிகள் வழியாக, பாகங்களைக் குத்தி இணைக்கும் பிரெட்போர்டோடும், அதன் வழியாக அருகில் குத்தியிருக்கும் மைக்ரோகன்ட்ரோலரோடும் உலோகத்தால் பிணைக்கப்பட்டிருக்கிறது.

எண்களைப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். சிப் இயங்கும்போது எடுப்பது சுமார் 200 மைக்ரோஆம்பியர், 3.3 வோல்ட்டில் அது 0.66 மில்லிவாட். அதனால் ஏற்படும் தன்சூடு பத்தில் ஒரு டிகிரி அளவில்தான் இருக்கும். ஆனால் வைஃபை வசதியுள்ள ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டில், 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைக்கும் சாதாரண ரெகுலேட்டர் 100 மில்லிஆம்பியர் கொடுக்கும்போது, அது மட்டுமே 170 மில்லிவாட்டை வெப்பமாக வெளியிடுகிறது. சென்சாரின் சொந்த வெப்பத்தைப் போல் இருநூற்றைம்பது மடங்குக்கும் மேல்! இரண்டும் ஒரே பிரெட்போர்டில் இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தால், அறையின் வெப்பநிலை எப்படிக் கிடைக்கும்? சென்சார் போர்டில் மின்சாரம் இருப்பதைக் காட்டும் எல்இடி இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1 கிலோ ஓம் மின்தடையோடு எரியும் ஒரு சிவப்பு எல்இடி, சிப்பைவிட ஆறு மடங்கு மின்திறனை அதே சிறிய போர்டில் செலவிடுகிறது. துல்லியமான வெப்பநிலை சென்சாரின் மீது எல்இடி வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வாங்கும்போது அது இல்லாத போர்டைத் தேடுவது நல்லது, இருந்தால் அதன் மின்தடையைக் கழற்றிவிடலாம்.

நான் கையாளும் முறை இது. ஹெடர் பின்களுக்குப் பதிலாக ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய கம்பிகளை நேரடியாகப் பற்றவைத்து, போர்டை மைக்ரோகன்ட்ரோலருக்குப் பக்கவாட்டிலோ கீழேயோ தொங்கவிடுகிறேன். சூடான காற்று மேலே எழும் என்பதால் அதற்கு மேல் வைப்பதில்லை. கம்பி மெல்லியதாக இருக்க வேண்டும், ஏனெனில் தடித்த செப்புக் கம்பி வெப்பத்தையும் கடத்திக்கொண்டு வரும். பிரெட்போர்டிலிருந்து பிரித்து இவ்வாறு தொங்கவிட்ட சில நிமிடங்களில் அளவு மெல்ல இறங்கி, அருகிலுள்ள கண்ணாடி வெப்பமானியோடு ஒட்டி நிற்பதைக் காணும்போது இந்தச் சிப்பின் மீது நம்பிக்கை வருகிறது. ஓர் உலோகப் பரப்பை அளக்க வேண்டுமென்றால், போர்டின் பின்புறத்தை மின்கடத்தாத வெப்பக்கடத்தி நாடா கொண்டு அதில் ஒட்டுவதே சிறந்தது. போர்டின் வெப்பநிலையை அளக்கும் இயல்பு அங்கே குறையாக இல்லாமல் பலமாகிவிடுகிறது.

சரிபார்க்க விரும்புபவர்களுக்குப் பனிக்கட்டியே எளிய கருவி. தூய நீரில் செய்த பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்நீர் ஊற்றி, போர்டை மெல்லிய பிளாஸ்டிக் பையில் காற்று இல்லாமல் சுற்றி, நடுவில் செருகி, அவ்வப்போது கிளறிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மைனஸ் 0.5க்கும் 0.5க்கும் இடையில் அளவு நிலைத்தால் சிப் சொன்ன சொல்லைக் காக்கிறது. கொதிநீரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயர்ந்தாலே கொதிநிலை 1 டிகிரி குறைந்துவிடும்.

அலர்ட் என்ற முனையைப் பலர் இணைக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். மேல் வரம்பு, கீழ் வரம்பு, ஆபத்து வரம்பு மூன்றையும் சிப்பிலேயே எழுதி, வரம்பின் அருகே அளவு ஆடும்போது எச்சரிக்கை மாறி மாறி வராமலிருக்க 1.5, 3 அல்லது 6 டிகிரி இடைவெளியும் கொடுத்துவிட்டால், மைக்ரோகன்ட்ரோலர் உறக்கத்தில் இருக்கும்போதும் சிப் தானே கண்காணித்து, வரம்பு மீறியதும் அந்த முனை வழியாக எழுப்பும். இது மின்னழுத்தத்தைக் கீழே மட்டுமே இழுக்கக்கூடிய ஓப்பன்-டிரெயின் வகை என்பதால் புல்-அப் தேவை. ரிலேவை நேரடியாக இதில் மாட்டக் கூடாது, டிரான்சிஸ்டர் வழியாகவே இயக்க வேண்டும். ஓர் உண்மையான குறை என்னவென்றால், மின்சாரம் போனால் வரம்புகள் அழிந்துவிடும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நிரல் அவற்றை மீண்டும் எழுத வேண்டும்.

0.0625 டிகிரி படியில் ஓர் அளவுக்கு 250 மில்லிவினாடி ஆகிறது. அதற்குள் மீண்டும் மீண்டும் கேட்டால் பழைய எண்ணே திரும்ப வரும். மின்கலத்தில் ஓடும் சாதனமாக இருந்தால் அளவெடுத்தவுடன் சிப்பை உறங்கவைத்துவிட வேண்டும். அப்போது அது எடுப்பது 0.1 மைக்ரோஆம்பியர் அளவே.

நீரிலோ மண்ணிலோ அளக்க இந்தப் போர்டை வாங்க வேண்டாம். துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் அடைத்து நீண்ட கேபிளோடு வரும் டிஎஸ்18பி20 அதற்கென்றே இருக்கிறது. மனித உடல் வெப்பநிலைக்கு அருகில் பத்தில் ஒரு டிகிரி துல்லியம் வேண்டுமென்றால், மைனஸ் 20 முதல் 50 டிகிரி வரை 0.1 டிகிரிக்குள் நிற்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்பி117 போர்டுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடலாம். ஆனால் அதையும் ரெகுலேட்டரிலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும்.