எடை குறைக்க விரதமா, அன்றாட மாற்றமா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் 16:8 விரதம் பேச்சாகிவிட்டது. நாளில் 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மீதி நேரம் வயிற்றுக்கு ஓய்வு. தட்டை அளக்க வேண்டாம், ராத்திரி நொறுக்குத்தீனியும் நின்றுவிடும்.

ஆனால் எடையை இறக்குவது கலோரிக் குறைவுதான். 2022-இல் வெளியான சீன ஆய்வில் 139 பேர் ஓராண்டு கலோரியைக் குறைத்தார்கள். அவர்களில் நேரக் கட்டுப்பாடும் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் எதுவும் இல்லை.

காலையிலேயே கொழுந்து பறிக்கக் கிளம்பும் அக்கா, மதியம் வரை வெறும் வயிற்றோடு சரிவில் ஏறி இறங்க முடியுமா? குளிருக்கு ஒரு பால் டீ குடித்தாலே விரதம் முடிந்தது.

அதனால் நான் அன்றாட மாற்றத்தையே சொல்வேன், அதையும் டீயிலிருந்தே தொடங்கலாம். ஒரு ஸ்பூன் சர்க்கரை சுமார் 20 கலோரி. இரண்டு ஸ்பூன் போட்டு நான்கு டீ குடித்தால் 160. பாதியாகக் குறையுங்கள், நாக்கு சீக்கிரம் பழகிவிடும். தொட்டுக்கொள்ளும் வர்க்கியில் மைதாவும் கொழுப்பும்தான் அதிகம். அது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இருக்கட்டும். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து பீன்ஸ், முட்டைக்கோஸ் பொரியலைக் கூட்டுங்கள். அப்புறம் வாரம் 150 நிமிட நடை. தினமும் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி மேடேறினால் அதில் ஒரு பங்கு வந்துவிடும்.

இன்சுலின் போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்கவே கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். ராத்திரித் தீனிதான் பிரச்சினை என்பவர்கள், இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிப்பதை மட்டும் 16:8-இலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.