புதுப் போன் முன்பதிவுக்கு முழுப் பணமும் பழைய போனும் கொடுத்துவிடாதீர்கள்

மடிக்கும் போன் ஒன்றை முன்பதிவு செய்துவிட்டு நான்கு மாதம் அலைந்த பிறகு இதை எழுதுகிறேன். பாதிப் புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் விற்றவர்கள் பெயரைப் போடவில்லை. ஆனால் எனக்கு நடந்தது அந்த ஒரு விற்பனைத் தளத்தோடு முடிகிற விஷயம் இல்லை. இதற்கு முன் யாரும் செய்யாத பாகத்தோடு ஒரு போன் வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததுமே திறக்கிற முன்பதிவுப் பக்கங்கள் சிலவற்றைப் பிறகு உட்கார்ந்து படித்தேன், ஏறக்குறைய அதே விதிமுறைகள்தான் இருந்தன.

பக்கத்தில் பெரிய எழுத்தில் டெலிவரி தேதி போட்டிருந்தார்கள், முன்பதிவு செய்த நாளிலிருந்து 18 நாள். முழுத் தொகையும் முதலிலேயே கட்ட வேண்டும். பழைய போனைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் மதிப்போடு கூடுதல் சலுகை உண்டு, ஆனால் 7 நாளுக்குள் ஒப்படைத்தால்தான். இரண்டு வாரம்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் ஒருவர் வந்தார். வாசலில் நின்றபடியே என் போனை முழுக்க அழித்து, திரையை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பார்கோடு ஒட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கைக்கு வந்தது ஒரு குறுஞ்செய்தி மட்டும்: ‘உங்கள் சாதனம் பெறப்பட்டது’. என்ன மாடல், என்ன நிலையில், என்ன மதிப்புக்கு என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

பதினாறாம் நாள் ஒரு செய்தி வந்தது. கிடங்கில் நெரிசல், புதிய டெலிவரி தேதி இரண்டு வாரம் கழித்து, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றார்கள். கீழே ஒரே ஒரு பொத்தான், ‘சரி, காத்திருக்கிறேன்’. ரத்து செய்ய எதுவும் இல்லை. அழுத்தினேன். அந்தத் தேதியும் போனது, மறுபடி அதே மாதிரி செய்தி, இந்த முறை மூன்று வாரம், மறுபடி அதே பொத்தான், மறுபடி அழுத்தினேன். மூன்றாவது செய்தியில் தேதியே இல்லை, ‘விரைவில்’ என்று மட்டும் இருந்தது. அப்போதுதான் தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். நான் பணம் கட்டிய பன்னிரண்டாம் நாளே, வெளியீட்டைத் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைப்பதாகவும், திரைப் பாகத்தின் உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்றும் அவர்கள் வெளிப்படையாக அறிவித்திருந்தார்கள்.

அதாவது எனக்கு ‘கிடங்கில் நெரிசல்’ என்று செய்தி அனுப்பிய நாளில் அந்தப் போன் உலகத்தில் எந்தக் கிடங்கிலும் இல்லை. அவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. என் கோபமெல்லாம் இந்த ஒரு பொய்யின் மேல்தான். தாமதத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை.

ஏன் இல்லை என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘உற்பத்தித் தாமதம், எங்கள் கையில் இல்லை’ என்ற வாக்கியத்தைத்தான் இவர்கள் கேடயமாகப் பிடிக்கிறார்கள், அந்த வாக்கியம் பாதி உண்மை வேறு. புதிய பாகம் என்றால் தேதி தள்ளிப்போவது சகஜம். 2010 ஜூனில் ஐபோன் 4 வந்தபோது அறிவிக்கப்பட்ட வெள்ளை நிறம் 2011 ஏப்ரல் கடைசியில்தான் கடைக்கு வந்தது, செய்வதற்கு நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது என்று ஆப்பிளே சொன்னது. 2017-இல் ஒரே மேடையில் அறிவிக்கப்பட்ட ஐபோன் 8 செப்டம்பரிலேயே விற்பனைக்கு வர, ஐபோன் எக்ஸ் நவம்பர் 3 வரை காத்திருந்தது. முகத்தின் மேல் 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை வீசிப் படிக்கும் அந்தக் கேமரா தொகுதியைப் போதுமான எண்ணிக்கையில் செய்துமுடிப்பது சிக்கலாக இருக்கிறது என்றுதான் அப்போதைய செய்திகள் பேசின.

மடிக்கும் போன்களின் கதை இன்னும் நெருக்கமானது. சாம்சங் கேலக்ஸி ஃபோல்டு 2019 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் வர வேண்டியது. முன்கூட்டியே சோதிக்கக் கொடுத்த போன்கள் சில நாளிலேயே பழுதாயின. திரையின் மேலிருந்த பாதுகாப்புப் படலத்தை ஸ்கிரீன் கார்டு என்று நினைத்துச் சிலர் உரித்துவிட்டார்கள், கீல் பக்கத்து இடுக்கு வழியாகத் துகள் போய்த் திரையை உள்ளிருந்து முட்டியது. படலத்தின் ஓரத்தைச் சட்டத்துக்கு அடியில் கொண்டுபோய், கீலின் இரண்டு முனைகளுக்கும் மூடி போட்டு, தென் கொரியாவில் செப்டம்பர் 6 அன்றுதான் வெளியிட்டார்கள். அதே ஆண்டு நடுவில் வருவதாக இருந்த ஹுவாவே மேட் எக்ஸும் நவம்பரில்தான் வந்தது.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பாகம் பத்துக் கட்டங்களைத் தாண்ட வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்கு 95 தேறுகிறது என்று வையுங்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பத்தாவது கட்டம் முடிகையில் கையில் நிற்பது நூற்றுக்கு 60 அளவுதான், மீதி 40 குப்பை. இந்தத் தேர்ச்சி விகிதம் ஏறும்வரை சொன்ன தேதிக்குச் சொன்ன எண்ணிக்கை வராது, அதை யாரும் மிரட்டி வாங்கிவிட முடியாது. பழுதான போனை அவசரமாக என் தலையில் கட்டுவதைவிட ஆறு மாதம் தள்ளிவைப்பது எவ்வளவோ மேல். ஆக, தயாரித்தவர் தாமதித்ததில் எனக்குக் குறையே இல்லை. இல்லாத சரக்குக்குத் தேதி போட்டு முழுப் பணத்தையும் வாங்கி, தாமதம் உறுதியான பிறகும் வாயைத் திறக்காமல் அதை வைத்துக்கொண்டிருந்தார்களே, அதுதான் ஏமாற்று.

இதை ஒழுங்காகச் செய்யவும் வழி இருக்கிறது. 2019-இல் அந்த ஃபோல்டுக்கு அமெரிக்காவில் முன்பதிவு செய்தவர்களுக்குச் சாம்சங் மின்னஞ்சல் அனுப்பியது: மே 31-க்குள் போன் அனுப்பப்படாமல், காத்திருக்கிறேன் என்று நீங்களும் உறுதி செய்யாமல் இருந்தால் ஆர்டர் தானாக ரத்தாகும் என்று. பேசாமல் இருந்தால் ரத்து. என் விஷயத்தில் பேசாமல் இருந்தாலும் காத்திருப்பு, பொத்தானை அழுத்தினாலும் காத்திருப்பு. தொலைவிலிருந்து விற்கிறவர் சொன்ன தேதியில் அனுப்ப முடியாவிட்டால் வாங்குகிறவருக்குச் சொல்லி, ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பையும் தர வேண்டும் என்ற விதி அந்த நாட்டில் 1975-லிருந்தே இருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பணம் கட்டும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ரத்து செய்யப்போன கதைக்கு வருகிறேன். சாட்டில் முதலில் வந்தவர், ‘முன்பதிவுச் சலுகை ஆர்டர்களுக்கு ரீஃபண்ட் எங்கள் வாலட்டுக்குத்தான் வரும், கார்டுக்கு வராது’ என்றார். அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். விதிமுறைகளின் இணைப்பை அனுப்பினார். உண்மையாகவே அங்கே இருந்தது, நான் படிக்காமல் தாண்டிய பக்கத்தில். அப்புறம் வங்கியில் கிரெடிட் கார்டு தகராறு பதிவு செய்தேன், பொருள் வரவில்லை என்று. விற்றவர்கள் பதிலுக்கு அனுப்பியது இரண்டே இரண்டு ஸ்கிரீன்ஷாட், நான் ‘சரி, காத்திருக்கிறேன்’ அழுத்திய நேரத்தோடு. வாடிக்கையாளரே ஒப்புக்கொண்டார், டெலிவரி தேதி இன்னும் தாண்டவில்லை என்பது அவர்கள் வாதம். வங்கி முதல் சுற்றில் அவர்கள் பக்கம் நின்றுவிட்டது. அந்தப் பொத்தான் எதற்காக இருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டாம் சுற்றில் என்னைக் காப்பாற்றியது தேதிதான். தயாரிப்பு நிறுவனம் தள்ளிவைப்பை அறிவித்த பக்கத்தை நாளோடு சேர்த்துப் படம் எடுத்து, அதற்கு நான்கு நாள் கழித்து எனக்கு வந்த ‘கிடங்கில் நெரிசல்’ செய்தியைப் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். பொய்க் காரணம் சொல்லி வாங்கிய சம்மதம் செல்லாது என்று ஒரே வரி எழுதினேன். ஆறு வாரம் கழித்துக் கார்டுக்குப் பணம் வந்தது.

ஆகவே இப்படி ஒரு செய்தி வந்தால் பொத்தானைத் தொடாதீர்கள். ரத்து செய்கிறேன், கட்டிய வழியிலேயே பணம் வேண்டும் என்று அன்றைக்கே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். கார்டில் தகராறு எழுப்ப வங்கிகள் காலக்கெடு வைத்திருக்கின்றன, ஒவ்வொரு புதிய தேதியும் உங்களை அந்தக் கெடுவை நோக்கித்தான் தள்ளுகிறது. முன்பதிவு செய்தே ஆக வேண்டும் என்றால் சிறு தொகை மட்டும் பிடிக்கிற இடத்தில், அல்லது போன் அனுப்பும் நாளில்தான் கார்டில் பணம் எடுப்போம் என்கிற இடத்தில் செய்யுங்கள்.

பழைய போன் விஷயம்தான் இன்னும் முடியவில்லை. அது வேறு யாருக்கோ விற்கப்பட்டுவிட்டது. பக்கத்தில் காட்டிய எக்ஸ்சேஞ்ச் மதிப்பு ‘வாங்கி முடித்தவர்களுக்கு’ மட்டுமாம், எனக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராதாம். ஒப்படைத்த நாளில் அதன் நிலையை நான் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை, அவர்கள் இப்போது திரையில் கீறல் இருந்தது என்கிறார்கள். இல்லை என்பது எனக்குத் தெரியும். இதை நான் தட்டிக்கொண்டிருப்பது தம்பியின் பழைய போனில், சார்ஜர் முனையை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் ஏறுகிறது. நுகர்வோர் புகார் போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இதே பதிவின் கீழே சேர்க்கிறேன்.