ஸ்பெஷல் பி.எட். சேரும் முன் ஒரு நிமிடம்: சுவரில் மாட்டிய அனுமதிக் கடிதத்தை இறக்கிப் படியுங்கள்

சிறப்புக் கல்வி பி.எட். சேர நினைப்பவர்கள், முக்கியமாக ஏற்கெனவே ஒரு டிகிரி முடித்துவிட்டு சின்னப் பள்ளிகளில் வேலை பார்க்கும் பெண்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 2,18,000 ரூபாய் கட்டினேன். இரண்டு வருடம் போனது. இப்போது என் கையில் இருக்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு என்னைச் சிறப்பாசிரியர் என்று சட்டப்படி சொல்லிக்கொள்ள முடியாது.

நான் பி.எஸ்சி. கணிதம். விழுப்புரம் பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் 9,500 ரூபாய் சம்பளத்தில் இருந்தேன். என் அக்கா மகனுக்கு அறிவுசார் குறைபாடு. அவனை எந்தப் பள்ளியிலும் ஒரு வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. அவனைப் போன்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முறையாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. 2022 ஆகஸ்டில் ஒரு கன்சல்டன்சி மூலமாக அந்தப் பயிற்சி நிறுவனத்துக்குப் போனேன்.

அங்கே உட்கார்ந்திருந்த அம்மா பேசியது இன்றும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லிடுச்சு மேடம். பத்து பிள்ளைக்கு ஒரு ஸ்பெஷல் டீச்சர் கட்டாயம். தமிழ்நாடு முழுக்க எத்தனை ஸ்கூல் இருக்கு, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க." அதோடு ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். 36,400 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

இரண்டுமே பொய் இல்லை. அதனால்தான் நான் விழுந்தேன். ஒரு சிறப்பாசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்தை அறிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 28-இல் தீர்ப்பு கொடுத்தது உண்மை. அதன்படி மத்திய அரசு 2022-இல் அறிவித்த விகிதம், தொடக்க நிலையில் சிறப்புத் தேவை உள்ள பத்து மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர். ஆனால் தீர்ப்பு வந்தால் மறுநாளே பணியிடம் உருவாகிவிடாது. பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் மறுபடியும் மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. 36,400 என்பதும் நிஜமான எண்தான். அது டி.ஆர்.பி. என்ற ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் தேர்வாகும் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க ஊதியம். அதற்கு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும், பிறகு போட்டித் தேர்வு. சாதாரண அரசுப் பள்ளிகளுக்குப் போகும் சிறப்பாசிரியர்களில் பெரும்பாலானவர்கள் மத்திய நிதி பெறும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையம் வழியாகத் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். 2024-இல் மத்திய நிதி வராமல் போனபோது அவர்களுக்கு செப்டம்பர் சம்பளமே தள்ளிப்போனது. இதையெல்லாம் அந்த மேசையில் யாரும் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் தெரியவில்லை.

பணம் போன வழியைச் சொல்கிறேன். வருடத்துக்கு 75,000 என்று சேர்த்தார்கள். அது இரண்டு வருடத்துக்கு 1,50,000. பிறகு தேர்வுக் கட்டணம் என்று 24,000, கேம்ப் என்று 18,000, ரெக்கார்டு நோட்டுகளுக்கு 9,000, யூனிபார்ம், அடையாள அட்டைக்கு 5,000. கடைசியாக "ஆர்.சி.ஐ. பதிவுக் கட்டணம்" என்று 12,000. ஆர்.சி.ஐ. என்பது இந்திய மறுவாழ்வுக் குழுமம்; அதன் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் சிறப்பாசிரியராக வேலை செய்ய முடியும். இந்தக் கடைசித் தொகைக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதித் தந்தார்கள். அந்தப் பதிவுக்கு நாமே நேரடியாக விண்ணப்பிக்கலாம், நடுவில் எந்த நிறுவனமும் வேண்டாம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என் அம்மா எனக்குப் போட்ட ஐந்து பவுன் நகை இன்னும் கூட்டுறவு வங்கியில் அடகில்தான் இருக்கிறது.

படிப்பு எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பணத்தைவிட அதுதான் வலிக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளை மதிப்பிட எம்.டி.பி.எஸ். என்று ஒரு முறை உண்டு, நம் சென்னையில் உருவானது. 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 வீதம் 360 செயல்கள். தானாகச் சாப்பிடுகிறானா, சட்டை போடுகிறானா, பணத்தை அடையாளம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றையும் பிள்ளையோடு இருந்து பார்த்துக் குறிக்க வேண்டும். எங்களுக்கு முந்தைய பேட்ச் எழுதிய புத்தகத்தைக் கொடுத்து, "பேரை மட்டும் மாத்தி எழுதிக்கோங்க" என்றார்கள். நான் பார்த்தேயிராத ஒரு பிள்ளைக்கு 360 விடைகள் எழுதினேன். அந்த இரவு எழுதும்போதே உறுத்தியது. ஆனாலும் எழுதினேன்.

2024-இல் தேர்வு முடிந்து சான்றிதழ் வந்தது. பக்கத்து மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் இருந்தது. ஆர்.சி.ஐ. பதிவுக்கு விண்ணப்பித்தேன். திரும்பி வந்தது. நான் படித்த ஆண்டில், அந்த நிறுவனத்துக்கு, அந்தப் படிப்பை நடத்த அனுமதியே இல்லை.

அவர்கள் அலுவலகச் சுவரில் ஆர்.சி.ஐ. அனுமதிக் கடிதம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. சேரும்போது அதைப் பார்த்துத்தான் நானும் அப்பாவும் தைரியமானோம். விண்ணப்பம் திரும்பிய பிறகு போய் அதைக் கிட்ட நின்று படித்தேன். அது செவித்திறன் குறைபாட்டுக்கான டிப்ளமோவுக்குக் கொடுத்த கடிதம். அதுவும் நான் சேருவதற்கு முன்பே காலாவதியானது. நான் படித்ததோ அறிவுசார் குறைபாட்டில் பி.எட்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். "எங்கள் காலேஜ் ஆர்.சி.ஐ. அப்ரூவ்டு" என்று யாராவது சொன்னால் அந்த வாக்கியத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அனுமதி கட்டடத்துக்குக் கொடுப்பதல்ல. இந்தப் படிப்பு, இந்தக் குறைபாட்டுப் பிரிவு, இத்தனை இடம், இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை என்றுதான் கொடுப்பார்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் இணையதளத்தில் மாநில வாரியாகப் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேரும் ஆண்டு அதில் வருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். வேறு ஊர்ப் பல்கலைக்கழகம் பரீட்சை நடத்தும், வகுப்பு மட்டும் இங்கே என்றால், வகுப்பு நடக்கும் இடத்தின் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவேட்டில் பெயர் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சான்றிதழைக் கையில் கொடுத்தவர்கள் இதையும் சொல்லவில்லை.

இப்போது ஒரு தெரபி மையத்தில் உதவியாளராக இருக்கிறேன். 8,000 ரூபாய். பதிவு உள்ளவர்களுக்கு அதே மையத்தில் 13,000. அங்கே சேர்ந்த முதல் வாரம் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்குச் சட்டைப் பட்டன் போடப் பழக்கச் சொன்னார்கள். நான் மேல் பட்டனைப் பிடித்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவன் கையை உதறிவிட்டு அழுதான். மூத்த ஆசிரியை வந்து, "இப்படி இல்லம்மா" என்று என்னை நகர்த்திவிட்டு, பட்டனை ஓட்டைக்குள் முக்கால்வாசி தானே நுழைத்து வைத்தார். கடைசியாக வெளியே இழுப்பதை மட்டும் அவனிடம் விட்டார். இழுத்தான். வந்துவிட்டது. அவன் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்கும் இந்த முறையை என் ரெக்கார்டு நோட்டில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு பிள்ளையிடம் ஒரு முறைகூடச் செய்து பார்த்ததில்லை.

வரவு செலவையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கட்டியது 2,18,000. வேலையை விட்டதால் இரண்டு வருடச் சம்பளம் 2,28,000 போனது. மொத்தம் 4,46,000. நான் படித்த படிப்பு நேர்மையானதாகவே இருந்திருந்தாலும், பழைய 9,500-க்கும் 13,000-க்கும் வித்தியாசம் மாதம் 3,500. போட்ட பணம் திரும்ப பத்தரை வருடத்துக்கு மேல் ஆகும், நகைக்கடன் வட்டியைச் சேர்க்காமலே. ஆகவே சம்பளம் எவ்வளவு என்று கல்லூரியில் கேட்காதீர்கள். உங்கள் ஊரில் தெரபி மையத்திலும் வட்டார வள மையத்திலும் வேலை செய்யும் இரண்டு பேரைத் தேடிப் போய், போன மாதம் கையில் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் மறைக்கமாட்டார்கள். முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சிறப்புக் கல்வி பி.எட். நடத்தியிருக்கிறது. தனியாரிடம் போவதற்கு முன் அங்கெல்லாம் விசாரியுங்கள். அங்கேயும் அந்தந்த ஆண்டின் அனுமதியைப் பார்த்துவிட்டுத்தான்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தேன். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்ததைக் காட்டிய பிறகு, அந்த நிறுவனம் வைத்திருந்த என் டிகிரிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும் கைக்கு வந்தன. பணத்தில் இதுவரை 30,000 மட்டும் திரும்பியிருக்கிறது. மீதிக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது. அதனால் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த நிறுவனம் இந்த வருடமும் சேர்க்கை நடத்துகிறது.

என்னிடம் இருக்கும் ரசீதுகளில் ஒன்றில்கூட "கல்விக் கட்டணம்" என்ற சொல் இல்லை. "நன்கொடை" என்றே போட்டிருக்கிறார்கள். இரண்டாம் வருடப் பணம் கட்ட இருப்பவர்கள், முதல் வருட ரசீதை இன்றைக்கே எடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.