ஆமைக்குஞ்சு வளர்ப்பு: திறந்த மேசையா, மூடிய பெட்டியா?

இப்போதுதான் பொரிந்த தரை ஆமைக்குஞ்சை எதில் வைத்து வளர்ப்பது என்று விசாரித்தால் நேர் எதிரான இரண்டு பதில்கள் வரும். மேலே திறந்த அகலமான மேசைத் தொட்டி, உலர்ந்த தரை, ஒரு மூலையில் விளக்கு, தடையில்லாத காற்றோட்டம் என்பது ஒன்று. மேலேயும் மூடிய பெட்டி, ஈரத் தரை, உள்ளே இரவும் பகலும் கதகதப்பும் ஈரப்பதமும் என்பது மற்றது. இரண்டையும் சொல்கிறவர்கள் பல வருடம் ஆமை வளர்த்தவர்கள்தான். ஆனாலும் முதல் ஒன்றிரண்டு வருடத்துக்கு இவை இரண்டும் சமமான வழிகள் இல்லை என்பது என் உறுதியான கருத்து. விளக்கு, தரை, தீனி, குளியல் என்று மற்ற எல்லாத் தேர்வும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் போய் நிற்கிறது: குஞ்சின் உடம்பில் நீர் தங்குகிறதா, வற்றுகிறதா?

பெட்டிக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்னத் தேர்வு இருக்கிறது. மூக்கு நுனியில் இருக்கும் சிறு முட்டைப்பல்லால் குஞ்சு முட்டையைக் கீறிவிட்டு, அப்படியே ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல், உள்ளேயே உட்கார்ந்திருக்கும். உதவி செய்கிறேன் என்று ஓட்டைப் பிய்த்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள். அது இன்னும் மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. வெளியே வந்த பிறகும் அடிவயிற்றில் மஞ்சள் கருவின் பை கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கலாம். அது உள்வாங்கி, தொப்புள் இடம் மூடும்வரை ஈரமான காகிதத் துண்டு விரித்த சின்னப் பெட்டியில், முட்டை இருந்த அதே கதகதப்பில் வைப்பதே பாதுகாப்பு. மண்ணிலோ நாரிலோ விட்டால் பை உரசிக் கிழியும், கிருமி ஏறும். அந்த நாட்களில் அது சரியாகச் சாப்பிடாவிட்டால் பதறவும் வேண்டாம், மஞ்சள் கருவிலிருந்தே உணவு கிடைத்துக்கொண்டிருக்கும்.

உலர்ந்த மேசை, ஈரப் பெட்டி

உலர் முறை எங்கிருந்து வந்தது என்பது புரிந்துகொள்ளக் கூடியதுதான். சுல்கட்டா ஆமை சஹாராவின் தெற்கு ஓரத்தில் வாழ்கிறது. லெப்பர்ட் ஆமையும் நட்சத்திர ஆமையும் புதர்க்காட்டு விலங்குகள். வறண்ட ஊர் விலங்குக்கு வறண்ட வீடு என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கு வளர்ந்த ஆமையைப் பார்த்துப் போட்டது. பெரிய சுல்கட்டாவே வெயில் நேரத்தைத் தான் தோண்டிய வளைக்குள், வெளியைவிட ஈரமான காற்றில்தான் கழிக்கிறது. குஞ்சுகளோ பெரும்பாலும் மழையை ஒட்டி வெளியே வருகின்றன. வந்ததும் புல் வேரடியிலும் சருகுக்குள்ளும் புதைந்து கிடக்கின்றன. தலைக்கு மேல் வெயில் கொளுத்தினாலும் அவை மூச்சு விடும் காற்று ஈரமானது. திறந்த மேசையில் விளக்குக்கு அடியில் கிடக்கும் குஞ்சுக்கு அந்தப் புதர் இல்லை.

இதன் விலை ஓட்டில் தெரியும். ஒவ்வொரு தகடும் தனித்தனிக் கூம்பாக மேடு தட்டுவதைப் பிரமிடு ஓடு என்பார்கள். அதிகப் புரதம்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பி, குஞ்சுகளை அரை வயிறாகக்கூட வளர்த்தவர்கள் உண்டு. 2003-ல் வியன்னா ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. புதிதாகப் பொரிந்த 50 சுல்கட்டா குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் 5 மாதம் வளர்த்தார்கள். ஈரப்பதம் 45 முதல் 99 விழுக்காடு வரை இருந்த குழுவைவிட வறண்ட காற்றில் வளர்ந்தவற்றின் மேடுகள் தெளிவாக உயரமாக இருந்தன. புரதத்தின் பங்கு சிறியது. புது வளர்ச்சி தகடுகளின் விளிம்பில்தான் நடக்கிறது, அந்த விளிம்பு காய்ந்துகொண்டே வளர்ந்தால் ஓடு ஒழுங்காகப் படராது என்று பல வளர்ப்பாளர்கள் சொல்லிவந்ததற்கு இந்த முடிவு பொருந்திப்போகிறது. ஒருமுறை எழும்பிய மேடு பிறகு அமுங்காது. அதனால்தான் முதல் மாதங்களைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அழகு மட்டும் பிரச்சினை இல்லை, நீர் வற்றிய குஞ்சின் சிறுநீரகமும் சேர்ந்துதான் அடி வாங்குகிறது.

ஈரத்தில் வைத்தால் சளி பிடிக்கும், ஓடு அழுகும் என்பது எதிர்த்தரப்பின் பயம். அந்தப் பயம் பொய்யில்லை, ஆனால் அதில் ஒரு சொல் விட்டுப்போகிறது: குளிர். ஈரமும் குளிரும் சேர்ந்தால் நுரையீரல் தொற்று வரும். பாலூட்டிகளுக்கு இருப்பது போன்ற உதரவிதானம் ஆமைக்கு இல்லை, இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது, எனவே அந்தத் தொற்று லேசான விஷயம் இல்லை. ஈரமும் கதகதப்பும் சேர்ந்தால் அந்த ஆபத்து பெருமளவு குறைந்துவிடுகிறது. நட்சத்திரம், லெப்பர்ட், சுல்கட்டா, ரெட்ஃபுட் போன்ற வெப்பமண்டலக் குஞ்சுகளுக்கு ஈரப்பதம் 80 விழுக்காடு அளவில் இருந்தால் பெட்டியின் எந்த மூலையும், இரவிலும்கூட, 26 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடு அழுகுவதைத் தடுக்க தரையின் மேற்பரப்பு சொதசொதவென்று இருக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். தண்ணீரை மேலே தெளிப்பதைவிட ஓரமாக ஊற்றி அடிப்பகுதியை நனைய விடுங்கள், மேல் பாகம் ஓரளவு உலர்ந்தே இருக்கும்.

திறந்த மேசைக்கு நியாயமான இடம் எது? ஹெர்மன், ரஷ்ய ஆமை போன்ற, குளிர்ந்த இரவுக்குப் பழகிய இனங்களின் வளர்ந்த ஆமைகளுக்கு அது நல்ல வீடு. இடம் தாராளம், காற்று நன்றாக ஓடும், குனிந்து பார்க்காமலே ஆமையைக் கவனிக்கலாம். அந்த இனங்களின் குஞ்சுக்கும் அதுவே வேண்டும் என்றால் தரையை ஆழமாகவும் ஈரமாகவும் வைத்து, ஈரமான பாசி அடைத்த ஒளிவிடம் ஒன்று கொடுத்து, மேலே பாதியை மூடினால் ஒருவாறு ஒப்பேறும். வெப்பமண்டலக் குஞ்சுக்கு இந்த ஏற்பாடு போதாது. சூடான காற்று மேலே போகும்போது ஈரத்தையும் கூடவே எடுத்துப்போகும், எவ்வளவு ஊற்றினாலும் அந்த விளக்கு வென்றுவிடும்.

கண்ணாடி மீன்தொட்டி மூன்றாவது வழி. மூடியை அடைத்தால் ஈரம் நிற்கும், ஆனால் நீளம் குறைவு. ஒரு முனை சூடாகவும் மறுமுனை ஆறுதலாகவும் இருக்க வேண்டும் என்பது ஆமைக்கு அடிப்படை. 120-க்கு 60 சென்டிமீட்டர் பெட்டியில் அது கிடைக்கும், சின்னத் தொட்டியில் முழுதும் ஒரே சூடுதான். மூடிய பெட்டியின் உண்மையான குறையும் இதுவே: சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் விட்டால் சில மணி நேரத்தில் உள்ளே அடுப்பாகிவிடும். தெர்மோஸ்டாட் வாங்க மனமில்லாதவர் மூடிய பெட்டியைத் தொட வேண்டாம்.

வெப்பமும் வெளிச்சமும்

வெப்பத்துக்கு நான்கு போட்டியாளர்கள். சாதாரண வெயில்காயும் பல்பு, பாதரச ஆவி விளக்கு, வெளிச்சமில்லாத பீங்கான் ஹீட்டர், தரைக்கு அடியில் போடும் சூட்டு விரிப்பு.

விரிப்பை முதலிலேயே தள்ளிவிடலாம். ஆமைக்கு வெயில் மேலிருந்து வருகிறது, சூடு தாங்காவிட்டால் மண்ணைத் தோண்டிக் கீழே போவது அதன் இயல்பு. கீழேதான் சூடு என்றால் தப்பிக்கப் போகிற இடமே வேகும் இடமாகிவிடும். பாதரச விளக்கு வெப்பம், வெளிச்சம், புற ஊதா மூன்றையும் ஒன்றாகத் தருவதால் ஆசை காட்டும். குஞ்சுக்கு எனக்கு அதில் உடன்பாடில்லை. குறுகிய கற்றையாக முதுகில் இறங்கி ஓட்டைக் காய வைக்கும், பல்பை மங்கச் செய்து வெப்பத்தைக் குறைக்கவும் முடியாது. பகலுக்கு வெளிச்சத்தை அகலமாகப் பரப்பும் சாதாரண பல்பு, அதற்கு நேர் கீழே 35 முதல் 37 டிகிரி. இரவுக்குப் பீங்கான் ஹீட்டர், பீங்கான் ஹோல்டரில் மட்டும், தெர்மோஸ்டாட்டோடு. இரவில் சிவப்பு பல்பு போடலாம், ஆமைக்குத் தெரியாது என்று சொல்வார்கள். ஆமைக்கு நிறம் நன்றாகவே தெரியும், அதற்கு இருட்டு வேண்டும்.

புற ஊதாவில் நீளக் குழல் விளக்குக்கும் சுருள் பல்புக்கும் இடையே எனக்குத் தயக்கமே இல்லை, குழல்தான். தோலில் வைட்டமின் டி3 உருவாகப் புற ஊதாவின் ஒரு வகையான யூவிபி கதிர் வேண்டும், அது இல்லாமல் கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் எலும்பில் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். டி5 என்னும் மெல்லிய குழல் பெட்டியின் பாதி நீளத்துக்குக் கதிரைச் சமமாகப் பரப்புகிறது, குஞ்சு தானே உள்ளே வந்து வெளியே போய் அளவைப் பார்த்துக்கொள்ளும். சுருள் பல்பு ஒரே இடத்தில் குவிக்கும். சில பழைய வகைகளால் கண் வீங்கிய குஞ்சுகள் உண்டு. குழல் எரிந்துகொண்டிருந்தாலும் அதன் யூவிபி மெல்லக் குறையும் என்பதால் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது.

விளக்கைவிட நேர் வெயில் உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் அந்தக் கணக்கில் சேராது, யூவிபி அதில் வடிகட்டப்பட்டுவிடும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது கொலைக்குச் சமம். நிழலும் நீரும் உள்ள, மேலே வலை போட்ட கூண்டில் சிறிது நேரம் விட்டு, பிறகு உள்ளே கொண்டுவருவதே சரி. நாள் முழுக்க வெளியே வளர்ப்பதா என்றால், குஞ்சுப் பருவத்தில் வேண்டாம். காக்கை, எலி, எறும்பு ஒருபக்கம், வற்றும் உடம்பு மறுபக்கம்.

தரை

தேங்காய் நார்த்தூள், பொடிப்பொடியான ஊசியிலை மரப்பட்டைத் துண்டு, மருந்தோ உரமோ கலக்காத மண், இந்த மூன்றில் எது வைத்தாலும் சரி. நார்த்தூள் ஈரத்தை அதிகம் பிடிக்கும், ஆனால் குஞ்சு மேலெல்லாம் பூசிக்கொள்ளும். மரப்பட்டை சுத்தமாக இருக்கும், நான் கேட்டால் அதையே சொல்வேன். மணல் வேண்டாம், தீனியோடு உள்ளே போய்க் குடலை அடைக்கும். முயல் தீனி உருண்டைகள் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். சிடார் சீவல் வாசனையே நுரையீரலுக்கு ஆகாது.

கிண்ணமா, குளியலா

இரண்டும் வேண்டும், ஒன்று மற்றதுக்கு மாற்று இல்லை. கிண்ணம் ஆழமற்ற மண்தட்டாக, விளிம்பு தரை மட்டத்துக்குப் புதைந்து இருக்கட்டும். செங்குத்தான சுவருள்ள கிண்ணத்தில் குஞ்சு தலைகீழாகக் கவிழ்ந்தால் சில சென்டிமீட்டர் நீரே அதை மூழ்கடிக்கப் போதும். குளியல் தினமும் 15 முதல் 30 நிமிடம், வெதுவெதுப்பான நீர், மேலோடும் அடியோடும் சேரும் கோடு வரை. நீர் ஆறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அங்கேயே குடித்து, அங்கேயே கழிக்கும், அது ஆரோக்கியம். வாரம் ஒருமுறை போதும் என்று சொல்லும் பழைய குறிப்புகள் உண்டு. பெரிய ஆமைக்கு அது ஓடிவிடும், உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுக்கு ஓடாது.

தீனி

களைச்செடிக்கும் கடைக் கீரைக்கும் வைத்துப் பார்த்தால் களைதான் ஜெயிக்கிறது. டேண்டிலியன், பிளான்டெய்ன் (Plantago) களை, செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் இவற்றில் நாரும் கால்சியமும் அதிகம். கால்சியம் பாஸ்பரஸைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. கடை லெட்யூஸ் பெரும்பாலும் தண்ணீர், கெடுதல் இல்லை, ஆனால் அதுமட்டும் போதாது. பசலை அடிக்கடி வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிவிடும். பழம் ரெட்ஃபுட்டுக்கு இயல்பான உணவு, சுல்கட்டாவுக்கும் ஹெர்மனுக்கும் அல்ல. ஆமைத் தீனி உருண்டையை வெறுக்கிறவர்களும் உண்டு. நல்ல தயாரிப்பை ஊற வைத்து வாரத்தில் ஓரிரு முறை கலந்து கொடுப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, இலை வகை குறைவாகக் கிடைக்கும் காலத்தில் அது கைகொடுக்கும். கால்சியம் பொடியை லேசாகத் தூவலாம். வாயைத் திறக்க வைத்து ஊட்டுவது ஒருபோதும் வேண்டாம்.

ஒன்றா, இரண்டா

தனியாக இருந்தால் பாவம் என்று இரண்டு வாங்குகிறவர்கள் அதிகம். ஆமைக்குத் துணை தேவையில்லை. இரண்டை ஒரே பெட்டியில் விட்டால் ஒன்று அடக்கும், மற்றது அடங்கும். கடிக்கவே வேண்டியதில்லை, பின்னாலேயே நடப்பது, மேலே ஏறி உட்கார்வது, தீனித் தட்டில் முன்னால் நிற்பது போதும். பார்க்கிறவருக்கு அது கொஞ்சலாகத் தெரியும். வாரம் ஒருமுறை கிராம் தராசில் நிறுத்தால் ஒன்று ஏறும், மற்றது அப்படியே நிற்கும். குஞ்சில் ஆண் பெண் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை, பல வருடம் கழித்து இரண்டும் ஆணாக நின்றால் சண்டை நிஜமாகிவிடும். சுல்கட்டா என்றால் அப்போது ஒவ்வொன்றும் 40, 50 கிலோ.

முதல் குளிர்காலம்

நட்சத்திரம், லெப்பர்ட், சுல்கட்டா, ரெட்ஃபுட் இவற்றுக்கு இந்தக் கேள்வியே இல்லை, குளிர்கால உறக்கம் அவற்றின் வழக்கம் அல்ல, ஆண்டு முழுக்க ஒரே கதகதப்பு. ஹெர்மனுக்கும் ரஷ்ய ஆமைக்கும் காட்டில் முதல் ஆண்டிலேயே உறக்கம் உண்டு. அதையே குஞ்சுக்குக் குறுகிய காலம் செய்விக்கும் தேர்ந்த வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் செய்வது தவறில்லை. முதல்முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது வேறு. அந்த ஒரு குளிர்காலம் விளக்கையும் தீனியையும் குறைக்காமல் விழிப்பாகவே வைத்திருங்கள். எடை இறங்கிக்கொண்டிருந்தாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, கண் வீங்கியிருந்தாலோ உறக்கம் பற்றிய பேச்சே வேண்டாம். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும்.