பினாங்கில் அப்பாவின் ஸ்லைடுகள்

ஜார்ஜ்டவுனில் பழைய ஸ்லைடுகளை (சின்னச் சட்டத்தில் மாட்டிய ஃபிலிம் படங்கள்) ஸ்கேன் செய்யக் கொடுப்பதாக இருந்தால், விலை கேட்பதற்கு முன்னால் "எதால துடைப்பீங்க?" என்று கேளுங்கள். இந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது நான் முதலில் நுழைந்த கடையில் வந்த பதில், "ஈரத்துணிதான்." அப்பாவின் ஸ்லைடுப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஸ்லைடின் ஜெலட்டின் பூச்சுதான் பூஞ்சணத்துக்குத் தீனி. அது அரித்த இடத்தில் தண்ணீர் பட்டால் பூச்சு கரைந்து படமே துணியோடு வந்துவிடும்.

பினாங்குக் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். பினாங்குப் பாலம் திறந்த 1985-க்கு முந்தைய ஃபெர்ரி, தைப்பூச வெள்ளி ரதம், தண்ணீர்மலை முருகன் கோவில் படிகளில் பாட்டி என எல்லாமே அலமாரியின் அடித்தட்டில் கிடந்தவை.

லிட்டில் இந்தியா பக்கம் ஒரு சின்னக் கடையில் நல்ல கை கிடைத்தது. அந்த அண்ணன் ஒரு ஸ்லைடை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார். "மினுங்குற பக்கம் வெறும் ஃபிலிம், தம்பி. மங்கலா மேடுபள்ளமா தெரியுதே, அதுதான் படம். அங்க அவசரப்படக் கூடாது." முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதினார், பிறகு மெல்லிய பிரஷ். பிசுக்கு இருந்த இடத்தில் மட்டும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தவைதான் மோசம், உள்ளே ஈரம் தங்கிவிட்டது. அவற்றைப் பிரித்துப் பிளாஸ்டிக் சட்டத்துக்கு மாற்றினார். பூஞ்சணம் தின்ற இடம் திரும்ப வராது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே மொத்தப் பெட்டியையும் அவரிடம் விட்டேன்.

அப்பா கோடாக்ரோம் பிரியர். கோடக் 2009-இல் நிறுத்திய ஃபிலிம் அது. மற்ற சில ஸ்லைடுகள் சிவந்துபோயிருக்க, இருட்டில் கிடந்த கோடாக்ரோமில் பாட்டியின் சேலைப் பச்சை அப்படியே இருக்கிறது! ஆனால் ஸ்கேனர் அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் வசதியை இதற்கு நம்பக் கூடாது. படத்தின் கருமையான இடங்களையே தூசியாக எடுத்துக்கொண்டு சிதைத்துவிடும். கையால் சுத்தம் செய்வதுதான் வழி. "இத ஆஃப் பண்ணித்தான் எடுப்பேன்" என்று நான் கேட்காமலே அந்த அண்ணன் சொன்னார்.

துடைப்பதையும் சேர்த்து ஸ்லைடுக்கு 3 வெள்ளி (ரிங்கிட்), 4000 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற நுணுக்கம்), தரம் குறையாத டிஃப் படக் கோப்பு. வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஊருக்கு வந்து இறங்கியதுமே கொடுத்துவிடுங்கள், கிளம்பும் வாரத்தில் கொண்டுபோனால் வாங்க மாட்டார்.