சாரலில் திணறிய வைப்பர்: பழைய அம்பாசிடரோடு சில மழைக்காலங்கள்

வைப்பர் மெதுவாக ஓடுகிறது என்றதும் மோட்டாரை மாற்றிவிடாதீர்கள், பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். எங்கள் மார்க் 4 வண்டியில் மாற்றச் சொன்ன அதே மோட்டார்தான் இன்றும் ஓடுகிறது.

எங்கள் பக்கம் மழை இரண்டு விதம். ஐப்பசி, கார்த்திகையில் பாளையங்கோட்டையில் கொட்டும் அடைமழை ஒன்று. ஆனி, ஆடியில் தென்காசி, குற்றாலம் பக்கம் விழும் சாரல் இன்னொன்று. வைப்பர் திணறியது சாரலில்தான். ஆலங்குளம் வரை கண்ணாடி காய்ந்து கிடக்கும். பாவூர்சத்திரம் தாண்டி லேசாக நனைந்ததும் பிளேடு பாதியில் நின்றுவிடும். அடைமழையில் ஓரளவு ஓடிய அதே வைப்பர்! நன்றாக நனைந்த கண்ணாடியில் ரப்பர் வழுக்கிக்கொண்டு போகும், பாதி காய்ந்த கண்ணாடியில் பிடிக்கும். அதனால் மோட்டாரில் தெம்பு இருக்கிறது, எங்கோ இழுவைதான் அதிகம் என்று தோன்றியது.

"மோட்டார் போயிட்டு அண்ணாச்சி, புதுசு போட்டுருவோம்" என்றார் எலக்ட்ரீசியன். கழற்றும் முன் பிளேடுகளைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டு ஸ்விட்சைப் போடச் சொன்னேன். அப்போதும் மெதுவாகத்தான் ஓடியது. சரி, ரப்பர் மட்டும் காரணமில்லை. வைப்பர் ஓடும்போதே மோட்டார் முனையில் மீட்டர் வைத்தோம், கிட்டத்தட்ட 12 வோல்ட் வந்தது. அங்கே 9, 10 என்று இறங்கினால் எர்த் வயரையும் ஸ்விட்சையும் பார்க்க வேண்டும்.

இந்த வண்டியில் மோட்டார் ஒரு கேபிளை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும். கேபிள் மேல் சுருளாகச் சுற்றிய கம்பிதான் அதற்குப் பல். அது டேஷ்போர்டுக்குப் பின்னால் குழாய் வழியாகப் போய், இரண்டு சிறிய பெட்டிகளுக்குள் இருக்கும் பல்சக்கரங்களைத் திருப்பும். வைப்பர் கைகள் அந்தச் சக்கரங்களின் தண்டில் நிற்கின்றன. கேபிளை விடுவித்து மோட்டாரை மட்டும் ஓட விட்டால் பம்பரமாகச் சுற்றியது. வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு கேபிளைக் கையால் இழுத்துப் பார்த்தால் அசைவேனா என்றது. பல வருஷத்து கிரீஸ் குழாய்க்குள் காய்ந்து இறுகிக் கிடந்தது.

கேபிளை உருவி மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். குழாய்க்குள் கம்பியில் துணி கட்டி இழுத்துத் துடைத்துவிட்டு, புது கிரீஸ் தடவி மாட்டினோம். பல்சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. வைப்பர் முழுச் சுற்று சுற்றுவதில்லை, எப்போதும் அந்தச் சில பற்கள்தான் உழைக்கும். சக்கரத்தை அரைச்சுற்று திருப்பி மாட்டியதும் தேயாத பக்கம் வேலைக்கு வந்துவிட்டது. பெட்டி வாங்கும் செலவு மிச்சம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

அப்புறம் எத்தனையோ மழை பார்த்தாயிற்று. ஆனிக்கு முன் வருஷம் ஒருமுறை கேபிளுக்கு கிரீஸ் வைத்துவிட்டால் போதும், சாரலில் இப்போது நிற்பதில்லை. ரப்பர்தான் நிலைப்பதில்லை. நம் கத்திரி வெயிலில் ஒரே கோடையில் விறைத்துவிடுகிறது, வருஷா வருஷம் மாற்றுகிறேன். மாற்றியும் தடதடவென்று அதிர்ந்தால் வைப்பர் கை முறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கிப் பெட்டியே துருப்பிடிக்கும். சின்னச் சாமான்தான், அலட்சியம் வேண்டாம்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. அணைத்தால் பிளேடு எப்போதும் கீழே வந்து படுப்பதில்லை, சில நேரம் நடுக்கண்ணாடியில் நின்றுவிடும். மோட்டார் மூடிக்குள் இருக்கும் ஸ்விட்சின் தகடு தேய்ந்திருக்கிறது. வேகமும் புது வண்டிகள் அளவுக்கு வராது. 2023 டிசம்பர் 17, 18 மாதிரி மழைக்கு எந்த வைப்பரும் காணாது, அன்று வண்டியை எடுக்கவே இல்லை.

கேபிள் புதிதாக வாங்க வேண்டியிருந்தால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். நீளத்தோடு சுருளின் இடைவெளியையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். இடைவெளி மாறினால் சக்கரத்தின் பல்லைத் தின்றுவிடும்.